யார் மாற்றியது? ஏன் மாற்றியது? – வெர்ஷன் கண்ட்ரோல் பற்றி ஒரு கணக்குப்பிள்ளைப் பார்வை

வெர்ஷன் கண்ட்ரோல் என்றதும் "அது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்" என்று பி.காம். வகுப்பு எழுந்து போய்விடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்போ "அதான் கிட் இருக்கே, இன்னும் என்ன ஒப்பீடு?" என்று எழுந்து போய்விடும். இரண்டு தரப்பும் கொஞ்சம் உட்கார்ந்தால் நல்லது. ஏனென்றால் இது உண்மையில் மென்பொருள் சமாச்சாரம் மட்டுமல்ல. பல பேர் கை வைக்கும் ஒரு புத்தகத்தில், யார் எதை எழுதினார், எப்போது எழுதினார், ஏன் எழுதினார் என்ற பழைய கேள்விதான் இது. அந்தக் கேள்விக்குக் கணக்குப்பிள்ளைகள் பல நூறு வருடங்களாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து பேர், ஒரே ஃபைல்

கடைசி வருட ப்ராஜெக்ட் செய்யும் எந்தக் குழுவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறார்கள். மூலநிரல் ஒரு ஜிப் ஃபைலாக வாட்ஸப்பில் சுற்றுகிறது. "ப்ராஜெக்ட் ஃபைனல்", "ப்ராஜெக்ட் ஃபைனல் 2", "ப்ராஜெக்ட் ஃபைனல் இதுதான் கடைசி"... இந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரிக்காத ஆளே இருக்க முடியாது.

திங்கள் இரவு ஒருவர் வரிக் கணக்கில் இருந்த தப்பைத் திருத்துகிறார். செவ்வாய் காலை இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்த பழைய பிரதியில் பிரிண்ட் வசதியைச் சேர்த்து, "எல்லாரும் இதையே எடுத்துக்கோங்க" என்று அனுப்புகிறார். வரிக் கணக்கின் திருத்தம் அங்கேயே காணாமல் போகிறது. இருவருமே ஒழுங்காக வேலை செய்தவர்கள்தான். இருந்தும் ஒரு ராத்திரி உழைப்பு ஆவியாகிவிட்டது.

இதைவிட மோசமானது கடைசியில் வரும். வாய்மொழித் தேர்வில் "இதில் உன் பங்கு என்ன?" என்று கேட்டால், உழைத்தவரும் ஒரே பதில் சொல்வார், அட்டையில் பெயர் மட்டும் போட்டவரும் அதே பதில் சொல்வார். நிரூபிக்க எதுவும் கிடையாது. இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஆக இங்கே தொலைவது நிரல் மட்டுமல்ல. யார் உழைத்தது என்ற சாட்சியும் சேர்ந்து தொலைகிறது.

கமிட் என்பது ஒரு குறிப்பேட்டுப் பதிவு

வெர்ஷன் கண்ட்ரோல் கருவிகளில் அடிப்படை அலகு கமிட். ஒரு கமிட்டுக்குள் என்ன இருக்கும்? எந்த ஃபைலில் எந்த வரி மாறியது, மாற்றியவர் பெயர், தேதி, நேரம், கூடவே "வரி விகிதம் தப்பாக இருந்ததால் திருத்தியது" என்பது போல ஒரு வாக்கியம்.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். குறிப்பேட்டில் தேதி, பற்று, வரவு, தொகை எழுதிவிட்டு, கீழே ஒரு விளக்கக் குறிப்பு எழுதுகிறோமே, அதேதான். விளக்கக் குறிப்பு இல்லாத பதிவுக்கு வாத்தியார் மதிப்பெண் குறைப்பார். "அப்டேட்", "மாற்றம்", "சரி செய்தது" என்று மட்டும் எழுதும் கமிட்டுக்கும் அப்படிக் குறைக்கத்தான் வேண்டும். (தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக எழுதலாம், யூனிகோட் போதும்.)

அடித்து எழுதக் கூடாது என்பது அடுத்த விதி. தப்பான பதிவை வெள்ளை மை போட்டு அழிக்க மாட்டார்கள். பிழைத்திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாக எழுதுவார்கள். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும். இந்த விதியை எந்தக் கருவி எவ்வளவு மதிக்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டால் வேறு ஒரு படம் கிடைக்கிறது. வழக்கமான ஒப்பீடுகளில் வேகம், வசதி, பிரபலம் என்று பேசுவார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது.

ஒரு சின்ன குடும்ப வரலாறு

முதலில் வந்தது எஸ்சிசிஎஸ். 1972ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதியது. அடுத்து 1982ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ். இரண்டுமே ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தன. ஒருவர் திருத்த வேண்டுமானால் ஃபைலைப் பூட்ட வேண்டும். பூட்டியவர் சாவியோடு ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தத் தொல்லைக்கு விடை சொன்னது சிவிஎஸ். ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர், தன் இரண்டு மாணவர்களோடு ஒரு கம்பைலர் வேலையில் இருந்தார். மூவருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. அதனால் பூட்டே இல்லாமல் ஆளுக்கு ஒரு பிரதியில் வேலை செய்து, பிறகு சேர்த்துக்கொள்ளும் முறையை எழுதி, 1986ல் பொதுவில் வெளியிட்டார். பாருங்கள், மூன்று பேர் கொண்ட ஒரு கல்லூரிக் குழுவின் நேரப் பிரச்சினையிலிருந்து பிறந்த கருவி அது!

சிவிஎஸ்ஸிலும் ஓட்டை இருந்தது. பத்து ஃபைல்களை ஒன்றாக அனுப்பும்போது ஐந்தாவதில் லைன் கட்டானால், நான்கு போய்ச் சேர்ந்திருக்கும், ஆறு வெளியே நிற்கும். பற்று எழுதி வரவு எழுதாமல் விட்ட கணக்கு மாதிரி. ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் அதன் பழைய வரலாறும் அறுந்துபோகும்.

இதைச் சரிசெய்யவே 2000ல் காலப்நெட் நிறுவனம் சப்வெர்ஷன் வேலையைத் தொடங்கியது. 2004 பிப்ரவரியில் 1.0 வந்தது. இதில் ஒரு கமிட் முழுசாகப் போகும், அல்லது போகவே போகாது. பாதி என்பது கிடையாது. இரட்டைப் பதிவு முறையின் ஒழுக்கம் ஒருவழியாக மூலநிரலுக்கும் வந்து சேர்ந்தது.

2005: கோபத்தில் பிறந்த கருவிகள்

லினக்ஸ் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தது. லேரி மெக்வாயின் நிறுவனம் எழுதியது அது. கட்டற்ற மென்பொருளை ஒரு கட்டுள்ள கருவியால் எழுதுவதா என்று அப்போதே சண்டை நடந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் பிட்கீப்பர் சர்வரோடு பேசும் ஒரு தனிக் கருவியை எழுத முயன்றதும் விவகாரம் முற்றியது. 2005 ஏப்ரலில் இலவச அனுமதி போயிற்று.

லினஸ் டோர்வால்ட்ஸ் அதே மாதம் உட்கார்ந்து கிட் எழுதினார். வேலையைத் தொடங்கிய சில நாட்களிலேயே கிட்டின் சொந்த மூலநிரலை கிட்டுக்குள்ளேயே வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதே 2005 ஏப்ரலில், அதே காரணத்துக்காக, ஒலிவியா மேக்கால் மெர்க்யூரியலைத் தொடங்கினார். ஆக கிட்டும் மெர்க்யூரியலும் ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகள். பிட்கீப்பரும் 2016ல் கட்டற்ற மென்பொருளானது, ஆனால் அதற்குள் ஊர் காலியாகிவிட்டது.

இதில் மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதும் கட்டற்றதாக இருப்பதும் வேறு வேறு. வாடகை வாங்காத வீட்டுக்காரர் ஒருநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம்.

புத்தகம் எங்கே இருக்கிறது?

சப்வெர்ஷனுக்கும் கிட்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

சப்வெர்ஷனில் பேரேடு ஒன்றே ஒன்று. அது சர்வரில் இருக்கும். மற்றவர்கள் கையில் இருப்பது இன்றைய பக்கத்தின் நகல் மட்டும். ஒவ்வொரு பதிவும் வங்கிக் கவுண்டரில் போய் எழுதுவது மாதிரி. கவுண்டர் மூடியிருந்தால், அதாவது நெட் இல்லையென்றால், பதிவு கிடையாது, பழைய வரலாற்றைப் புரட்டவும் முடியாது.

கிட்டிலும் மெர்க்யூரியலிலும் ஒவ்வொருவர் கையிலும் முழுப் பேரேடு இருக்கும், முதல் நாள் முதல் இன்று வரை. ரயிலில் உட்கார்ந்து பத்து கமிட் போடலாம், மூன்று வருடத்துக்கு முந்தைய நிரலைப் பார்க்கலாம். பிறகு நெட் கிடைத்ததும் அனுப்பலாம். வங்கிப் புத்தகத்தையும் கடைப் புத்தகத்தையும் வைத்துச் சரிகட்டும் பட்டியல் போடுகிறோமே, மெர்ஜ் என்பது கிட்டத்தட்ட அதுதான்.

கிளைகள், அதாவது பிராஞ்ச் விஷயத்தில் கிட் நன்றாகவே முந்துகிறது. சப்வெர்ஷனில் கிளை பிரிப்பது சுலபம், சேர்ப்பதுதான் தலைவலி. எந்த மாற்றம் ஏற்கனவே சேர்க்கப்பட்டது என்பதை 2008ல் வந்த 1.5 பதிப்பு வரை கருவி நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. ஆட்கள் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு சேர்த்தார்கள். கிட்டில் புதுக் கிளை ஒரு நொடி வேலை. ஐந்து பேரும் ஐந்து கிளையில் தைரியமாக உடைத்துப் பார்க்கலாம்.

தப்பைத் தேடுவதிலும் அப்படித்தான். கிட்டில் பைசெக்ட் என்ற கட்டளை உண்டு. ஆயிரம் கமிட்டில் எந்தக் கமிட்டால் பில் தொகை தப்பாக வர ஆரம்பித்தது என்று தெரியவில்லையா? நடுவில் ஒன்றைச் சோதித்து, பாதியைக் கழித்து, மறுபடி பாதியைக் கழித்து, பத்துச் சோதனையில் ஆளைப் பிடித்துவிடும். இருப்பாய்வு பொருந்தாமல் ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2003ல் ஒரு தணிக்கைக் கதை

இனிதான் முக்கியமான இடம்.

கெர்னலின் உண்மையான மூலநிரல் பிட்கீப்பரில் இருந்த காலம். பிட்கீப்பர் பிடிக்காதவர்களுக்காக சிவிஎஸ்ஸில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். 2003 நவம்பரில் யாரோ அந்த நகல் சர்வருக்குள் புகுந்து இரண்டே இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் ஒரு சாதாரணச் சோதனை வரி மாதிரி இருக்கும். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு சமக்குறி. விளைவு? ஒப்பிடுவதற்குப் பதிலாக, அந்த நிரலை ஓட்டும் சாதாரண ஆளுக்குக் கணினியின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும்.

எப்படிப் பிடித்தார்கள்? நிரலைப் படித்துப் பார்த்து அல்ல. சிவிஎஸ் நகலில் இருந்த மாற்றத்துக்கு பிட்கீப்பரில் ஒப்புதல் பதிவே இல்லை. இரண்டு புத்தகமும் பொருந்தவில்லை! ரசீது இல்லாத செலவு. அவ்வளவுதான், திருட்டு வெளியே வந்துவிட்டது. அந்த இரண்டு வரிகள் உண்மையான கெர்னலுக்குள் போகவே இல்லை.

ஒரு புத்தகத்துக்கு இன்னொரு புத்தகம் சாட்சி என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். கிட் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு அடையாள எண் உண்டு. அந்தக் கணக்கில் முந்தைய கமிட்டின் எண்ணும் சேரும். ஒரு பக்கத்தின் அடித்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவது போல. நடுவில் ஒரு பழைய பக்கத்தை மாற்றினால் அதற்குப் பிறகு வரும் அத்தனை எண்ணும் மாறிவிடும். பழைய பிரதி வைத்திருக்கும் யாரும் "இது அது இல்லையே" என்று சொல்லிவிடலாம்.

ஆனால்... எழுதியது யார்?

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான கிட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கமிட்டில் வரும் பெயரும் மின்னஞ்சலும், போடுகிறவர் தானே தட்டிக் கொடுப்பது. யார் பெயரை வேண்டுமானாலும் கொடுக்கலாம். "முதல்வர்" என்று கொடுத்தாலும் கிட் எழுதிக்கொள்ளும். பக்கத்து பெஞ்ச் நண்பர் பெயரைக் கொடுத்தாலும் எழுதிக்கொள்ளும்.

சப்வெர்ஷனில் அப்படி இல்லை. சர்வரில் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர் பெயர்தான் பதிவில் விழும். பதிந்த கமிட்டின் விவரத்தைப் பிறகு மாற்ற வேண்டுமானால் சர்வர் நிர்வாகி அதற்கென்று அனுமதி திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முடியாது.

இன்னொன்று: கிட்டில் வரலாற்றைத் திருப்பி எழுதலாம். ரீபேஸ் என்ற கட்டளையால் பழைய கமிட்டுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், வரிசை மாற்றலாம், காணாமலும் போகச் செய்யலாம். பிறகு கட்டாயப்படுத்தி அனுப்பினால் பொதுப் பிரதியிலும் அதுவே வரலாறு. மற்றவர்கள் கையில் பழைய பிரதி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? மெர்க்யூரியலில் வரலாறு இயல்பிலேயே மேலே மேலே சேர்ந்துகொண்டு போவது. திருப்பி எழுதும் வசதிகளைத் தனியாக இயக்கித்தான் பயன்படுத்த வேண்டும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எழுதிய ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய ஃபாஸில் கருவியோ, ரீபேஸ் வேண்டவே வேண்டாம் என்று கொள்கையாகவே வைத்திருக்கிறது.

இங்கே பி.காம். பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு பதிவும் எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் இருக்க வேண்டும், அந்தத் தடத்தை அணைத்து வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. டேலி கூட இதற்காகவே எடிட் லாக் பதிப்பு கொண்டுவந்தது. கணக்கு எழுதும் மென்பொருளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. சரி, அந்த மென்பொருளையே எழுதுகிறவர்களின் புத்தகத்துக்கு? அங்கே அடித்து எழுதலாமா?

ரீபேஸ் ஆதரவாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "எழுத்துப்பிழை திருத்தினேன்", "மறுபடி திருத்தினேன்", "ஐயோ" என்று நாற்பது கமிட் இருந்தால் அதைப் படித்து யாருக்கு என்ன லாபம்? உண்மைதான். இதற்கும் கணக்குப்பிள்ளைகளிடம் பதில் உண்டு. கடைக்காரர் நாள் முழுக்கத் துண்டுச் சீட்டில் கிறுக்குவார். அதை அடிக்கலாம், கிழிக்கலாம். மாலையில் குறிப்பேட்டில் ஏற்றியபின் கை வைக்கக் கூடாது. ஆக தன் கையிலுள்ள கிளையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஒழுங்குபடுத்தலாம். பொதுப் பிரதிக்குப் போய்விட்டால் அதோடு சரி. அதன்பின் தப்பு தெரிந்தால் ரிவர்ட், அதாவது எதிர்ப்பதிவு ஒன்றுதான் வழி.

எல்லாருக்கும் ஒரே சட்டை பொருந்தாது

கிட் ஜெயித்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022ல் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் கிட் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சப்வெர்ஷன் சுமார் 5 சதவீதம்.

ஆனால் பெரிய வீடுகளின் சமையலறையை எட்டிப் பார்த்தால் கதை வேறு. கூகுள் பல வருடம் பெர்ஃபோர்ஸ் என்ற வணிகக் கருவியில் இருந்துவிட்டு, பைப்பர் என்று சொந்தமாகவே ஒன்று செய்துகொண்டது. 2015 ஜனவரி நிலவரப்படி அதில் சுமார் 200 கோடி வரி நிரல், 86 டெராபைட் அளவு, 3.5 கோடி கமிட். எல்லாம் ஒரே களஞ்சியத்தில்! ஃபேஸ்புக் தன் அளவுக்கு கிட் ஒத்துவராது என்று மெர்க்யூரியலை எடுத்து வளர்த்தது. அதன் வழியில் வந்த சாப்ளிங் கருவியை 2022ல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் 2017ல் விண்டோஸ் மூலநிரலை கிட்டுக்குக் கொண்டுவந்தபோது அது சுமார் 35 லட்சம் ஃபைல், 300 ஜிபி. அப்படியே கொடுத்தால் கிட் படுத்துவிடும் என்பதால், தேவைப்படும் ஃபைலை மட்டும் இறக்கும் ஒரு தனி அடுக்கையே எழுத வேண்டியிருந்தது.

பெரிய படங்கள், வீடியோ, முப்பரிமாண மாடல்கள் இருக்கும் கேம் கம்பெனிகளில் பெர்ஃபோர்ஸ் இன்றும் உண்டு. காரணம் எளிது. நிரலில் இருவர் வேறு வேறு வரியை மாற்றினால் சேர்த்துவிடலாம். ஒரே படத்தை இருவர் மாற்றினால் சேர்க்க முடியாது. அங்கே பழைய பூட்டுதான் புத்திசாலித்தனம். சப்வெர்ஷனிலும் பூட்டு உண்டு. "இந்த ஃபோல்டரை இவர் மட்டும் பார்க்கலாம்" என்று பிரித்துக் கொடுக்கவும் சப்வெர்ஷனில் முடியும். கிட்டில் களஞ்சியத்தைக் கொடுத்தால் முழுசாகக் கொடுத்த மாதிரிதான்.

மெர்க்யூரியலின் கதைதான் பாவம். கட்டளைகள் புரியும்படி இருக்கும், புதியவர்களைப் பயமுறுத்தாது. ஆனாலும் 2008ல் வந்த கிட்ஹப் எல்லாரையும் கிட் பக்கம் இழுத்துக்கொண்டது. நண்பர்கள் எல்லாம் எந்த டீக்கடையில் இருக்கிறார்களோ அங்கேதான் கூட்டம் சேரும், டீ எப்படி இருந்தாலும். பிட்பக்கெட் 2020ல் மெர்க்யூரியலைக் கைவிட்டது. பல வருடம் மெர்க்யூரியலில் இருந்த ஃபயர்ஃபாக்ஸ் கூட 2023ல் அறிவித்து, 2025ல் கிட்டுக்குப் போய்விட்டது. தரம் மட்டும் சந்தையில் ஜெயிக்காது என்பதற்குப் பொருளாதார வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கிட் வேறு, கிட்ஹப் வேறு

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கிட் ஒரு கருவி. கிட்ஹப் அதை வைத்து நடக்கும் ஒரு கடை. 2018ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிய கடை.

கடைகள் மூடப்படும். கூகுள் கோட் 2016ல் மூடப்பட்டது. கோட் ஸ்பேசஸ் என்று ஒரு சேவை இருந்தது. 2014 ஜூனில் ஒருவர் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் புகுந்து பணம் கேட்டு மிரட்டி, தரவையும் பேக்கப்பையும் அழித்துவிட்டார். கம்பெனியே அத்தோடு முடிந்தது. அங்கே நிரலை வைத்திருந்தவர்களில் கிட் பயன்படுத்தியவர்கள் கையில் முழு வரலாறும் மிச்சம். சப்வெர்ஷன் பயன்படுத்தியவர்கள் கையில் அன்றைய பக்கம் மட்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் சேவையில் ஒரு ஊழியர் தவறுதலாக உண்மையான தரவுத்தளத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டார். மூலநிரல் களஞ்சியங்கள் தப்பின. ஆனால் விவாதங்கள், குறைப் பட்டியல்கள் போன்றவற்றில் சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. ஏனென்றால் அவை கிட்டுக்குள் இல்லை, கடையின் தரவுத்தளத்தில் இருந்தன. "ஏன் மாற்றினோம்" என்ற காரணத்தைக் கமிட் குறிப்பில் எழுதாமல் கடையின் விவாதப் பக்கத்தில் மட்டும் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆக, எதை எடுப்பது?

மழுப்பாமல் சொல்லிவிடலாம்.

மாணவர் குழு, சிறு கம்பெனி, கட்டற்ற மென்பொருள் வேலை என்றால் கிட். கற்றுக்கொள்ள முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். கட்டளைகளின் பெயர்கள் வேண்டுமென்றே குழப்புவது போலவும் தோன்றும். ஆனாலும் வேலை கேட்டுப் போகும் இடத்தில் எல்லாம் அதுதான் கேட்பார்கள்.

பெரிய படக் கோப்புகள், ஃபோல்டர் வாரியாக அனுமதி, ஒரே இடத்தில் ஒரே புத்தகம் வேண்டும் என்ற தணிக்கைத் தேவை இருந்தால் சப்வெர்ஷனோ பெர்ஃபோர்ஸோ இன்றும் அவமானமில்லை. ஏற்கனவே சப்வெர்ஷனில் நிம்மதியாக இருக்கும் குழு, ஊர் போகிறது என்பதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. என்ன வலி என்று முதலில் சொல்லத் தெரிய வேண்டும், பிறகு மருந்து.

ஆனால் கிட்டை எடுக்கும் குழு, கூடவே நான்கு விதிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுக் கிளையில் கட்டாயப்படுத்தி அனுப்புவதைப் பூட்டி வைப்பது. இன்னொருவர் பார்க்காமல் எதுவும் உள்ளே போகாமல் இருப்பது. விளக்கக் குறிப்பில் "என்ன" என்பதோடு "ஏன்" என்பதையும் எழுதுவது. முடிந்தால் கமிட்டுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது. இந்த வசதி கிட்டில் 2012 முதல் இருக்கிறது. இந்த நான்கும் இல்லாத கிட்டைவிட, ஒழுங்காக நடத்தப்படும் சப்வெர்ஷன் நம்பகமான புத்தகம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ப்ராஜெக்ட் அறிக்கையோடு களஞ்சியத்தின் வரலாற்றையும் கேளுங்கள். ஆனால் கமிட் எண்ணிக்கையை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். நூறு கமிட்டில் நூறு முற்றுப்புள்ளியைத் திருத்தியவரும் உண்டு, ஒரு வாரம் யோசித்து ஒரே கமிட்டில் மொத்தச் சிக்கலையும் அவிழ்த்தவரும் உண்டு. பேரேட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று எந்தத் தணிக்கையாளரும் எண்ணுவதில்லை. வரியைக் காட்டி "இது ஏன்?" என்று கேட்பார். எழுதியவர் மட்டும்தான் அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்வார்.

கருவி எதுவானாலும் அது சாட்சி மட்டும்தான், நீதிபதி இல்லை. ஆனால் சாட்சியே இல்லாத இடத்தில், சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடும். ஒவ்வொரு குழுவிலும் அமைதியாக வேலை செய்கிற ஒருவர் இருப்பார். வெர்ஷன் கண்ட்ரோல் முதலில் அவருக்காகத்தான் தேவை.